தில்லையில் வைத்து எடுத்த சலங்கை

இது என் மாமியாரின் வேண்டுதல். மகளுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்து, இனி நாட்டியம் வேண்டாம் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்ன நேரத்தில், "பிள்ளை மறுபடி முட்டியை மடித்து அரைமண்டியில் உட்காரட்டும். அரங்கேற்றம் முடிந்த கையோடு அந்தச் சலங்கையை நடராஜர் பாதத்தில் வைத்து எடுக்கிறேன்" என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைத்துவிட்டார். ஈசன் கேட்டுக்கொண்டான். தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசான்களான சகோதரர்கள் வகுத்துக் கொடுத்த வரிசைப்படி, முதல் உருப்படியான அலாரிப்பில் தொடங்கிக் கடைசித் தில்லானா வரை என் மகள் ஒரு குறையும் இல்லாமல் ஆடி முடித்தாள்.

கும்பகோணத்திலிருந்து விடியுமுன்பே கிளம்பினோம். வழியில் வைத்தீஸ்வரன் கோயிலில் வெள்ளிக் கால் ஒன்றை உண்டியலில் போட்டுவிட்டு, மிளகும் உப்பும் கொட்டி, தையல்நாயகியைப் பார்த்துவிட்டுச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஆனித் திருமஞ்சனம் முடிந்துவிட்டது, கூட்டம் இருக்காது என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை போலும்! கீழ சன்னதியில் கால் வைக்க இடமில்லை. அதற்குள் ஒருவர் சலங்கைப் பையைப் பார்த்துவிட்டு, "நாட்டியமா? தனியா பூஜை பண்ணி வைக்கிறேன், வரிசையே வேண்டாம்" என்று பின்னாலேயே வந்தார். வேண்டாம் என்றதும் தொகையைக் குறைத்தார். அப்புறமும் வேண்டாம் என்றதும், வேண்டுதலை இப்படிக் கஞ்சத்தனமாகச் செய்தால் பலிக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். வயதான அத்தையின், அதாவது என் மாமியாரின், முகம் வாடிவிட்டது. நேர்த்திக்கடன் செலுத்த வருபவர்களிடம் பேசுகிற பேச்சா இது? பயத்தைக் காட்டிக் காசு பார்ப்பவர்களைக் கோயில் வாசலில் விடவே கூடாது.

கிழக்குக் கோபுரத்துக்குள் நுழைந்ததும் அந்த வாட்டம் போய்விட்டது. வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் கீழிருந்து மேலாக அடுக்கடுக்காகக் கரணச் சிற்பங்கள், அதாவது கையும் காலும் சேர்ந்த ஆடல் நிலைகள், மொத்தம் 108. அவற்றோடு நாட்டிய சாஸ்திரத்துச் சுலோகங்களையும் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் இருக்கும் 81 கரணங்களில் சிவனே ஆடுகிறான். இங்கே ஆடுபவள் பெண். பக்கத்தில் தாளம் போடுபவர்களும் மத்தளம் வாசிப்பவர்களும் சின்னதாக நிற்கிறார்கள். மகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். கரணங்களில் முதலாவது தலபுஷ்பபுடமாம்: இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துப் பூவைச் சமர்ப்பிக்கிற நிலை. "பாட்டி, நாங்க முதல்ல செய்யறதே புஷ்பாஞ்சலிதான்" என்று அவள் சொன்னதும் அத்தை அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அத்தைக்கும் சின்ன வயதில் நாட்டியம் கற்க ஆசை. நல்ல குடும்பத்துப் பெண் சதங்கை கட்டுவதா என்று அடக்கிவிட்டார்கள். ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்திரம் என்ற நாட்டியப் பள்ளியைத் தொடங்கிய பிறகும், எத்தனையோ வீடுகளில் அதே பேச்சுதான். கோயிலில் பரம்பரை பரம்பரையாகச் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடிய பெண்களைப் பழித்து ஒதுக்கினோம். 1947-இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் வந்தது, கோயில் ஆட்டம் நின்றது. அவர்களும் அவர்கள் வீட்டு நாட்டிய ஆசான்களான நட்டுவனார்களும் காப்பாற்றி வைத்த அடவைத்தான் இன்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பெருமையோடு ஆடுகிறார்கள். ராஜராஜன் கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரைத் தஞ்சைக் கோயில் கல்லில் வெட்டி வைத்தான். தில்லைக் கோபுரத்துக் கல்லில் ஆடும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவளைப் பார்த்ததும் அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

உள்ளே இரண்டாம் கால பூஜை நேரம். ரத்தினசபாபதி என்ற மாணிக்க நடராஜரின் அபிஷேகத்துக்காகக் காத்திருந்த கூட்டம் எங்களை நெருக்கித் தள்ளியது. முன்னால் நின்றவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்ததில் பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தீட்சிதர் அதட்டிய பிறகுதான் இறக்கினார்கள். ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் ஆனது. அப்புறம் அந்த மாணிக்க நடராஜர். முன்னால் கற்பூரம் காட்டும்போது கருத்த சிறு உருவமாகத்தான் தெரிந்தார். தீபத்தைப் பின்னால் கொண்டு போனார்கள். அப்படியே உடம்பெல்லாம் சிவந்து, உள்ளிருந்து நெருப்பு எரிவதுபோல, தூக்கிய திருவடி தனியாகத் தெரிந்தது! சிவ சிவா! அத்தை என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனையில் மகள் காலைத் தூக்க முடியாமல் அழுத ராத்திரிகள் எல்லாம் அந்த நொடியில் மனதில் வந்து போயின. இத்தனை நாள் யார் அந்தக் காலைத் தாங்கிப் பிடித்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது.

எங்கள் குடும்பத்துக்குப் பூஜை செய்யும் தீட்சிதர் தட்டில் சலங்கையை வாங்கிக்கொண்டு நடராஜர் இருக்கும் சிற்சபைக்குள் போனார். திரும்பி வந்தபோது அதன்மேல் வில்வமும் விபூதியும் இருந்தன. "கட்டும்போதெல்லாம் இவரை நினைச்சுக்கோம்மா" என்று மகள் கையில் கொடுத்தார். பைசா பேசவில்லை. வாசலில் பட்ட வார்த்தைக்கு அவனே மருந்து போட்டான் என்று அத்தை சொன்னார்.

நேர் எதிரே நிருத்த சபை. தேர்போலச் சக்கரமும் குதிரையும் கொண்ட மண்டபம். தூண்களில் ஓர் இடம் விடாமல் ஆடும் உருவங்கள். காலைத் தலைக்குமேல் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவரின் முன்னால் மகள் நமஸ்கார அடவு செய்தாள். தட்டி, பூமியைத் தொட்டு, அரைமண்டியில் முழுசாக உட்கார்ந்து எழுந்தாள். அந்த முட்டி ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை.

வெளியே பிராகாரக் கல் கொதித்தது. அத்தையால் நடக்கவே முடியவில்லை. பூ விற்கும் அம்மா ஒருவர் வாளித் தண்ணீரை அவர் காலில் ஊற்றி, "மெதுவா போங்கம்மா, காளி எங்கேயும் போயிட மாட்டா" என்றார். தில்லைக் காளியைப் பார்க்காமல் திரும்பினால் வேண்டுதல் முடிந்ததாகாது என்பது அத்தையின் உறுதி. நடை சாத்துவதற்குள் ஆட்டோ பிடித்து ஓடினோம். கூத்தனோடு போட்டி போட்டு ஆடிய தாய், குங்குமக் காப்பில் நின்றாள். அவன்போலக் காலைத் தலைக்குமேல் தூக்க நாணி நின்றவளைத் தோற்றவள் என்று சொல்ல அத்தை விடமாட்டார். அவளுக்கு எண்ணெய் கொடுத்து, மகளின் சலங்கையை அங்கேயும் ஒருமுறை காட்டி எடுத்தார்.

இனி மகா சிவராத்திரிக்குத்தான் அங்கே போக வேண்டும். சிதம்பரத்தில் 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலி விழாவில் மகள் ஆட வேண்டும் என்று காளி சன்னதியிலேயே இன்னொரு காசு முடிந்துவிட்டார் அத்தை. டீச்சரிடம் சொல்லியாகிவிட்டது, வர்ணம் என்ற பெரிய உருப்படிக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. திருச்சிற்றம்பலம்.