கீச்சா, கிரீச்சா?

போன வாரம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் ஜீப் போடும் சத்தத்தை மெக்கானிக்குக்குப் புரியவைக்க, ஹாலில் நின்றுகொண்டு இவர் ஃபோனில் "கீச்... கீச்... கீச்" என்று கத்திக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் மெக்கானிக் அண்ணன் ரொம்பப் பொறுமையாக, "சார், கீச்சா, கிரீச்சா?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். கீச்தான் என்றேன். தம்பி அடுப்படியிலிருந்து "டக்குனும் வருதுண்ணே" என்றான். அம்மா விடுவாளா? "லொட லொடன்னும் கேக்குதுன்னு சொல்லுங்க மாப்ள." அம்மா சொன்ன லொட லொட சீட்டுக்கு அடியில் உருளும் ஜாக்கி. அது நான் ஸ்கூல் படிக்கும்போதிருந்தே உருள்கிறது.

அண்ணன் கடைசியில், "எல்லாரும் ஒண்ணா போட்டா எனக்கு வண்டி தெரியாது, ஒவ்வொருத்தரா போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "சத்தமே இல்லாத வண்டிக்கு எதுக்கு இத்தனை கூத்து?" என்றார். அவர் ஜீப்பைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னால் போதும், 1947-ல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்த கதையிலிருந்து தொடங்குவார். அங்கிருந்து எங்கள் எம்.எம். 540 ஜீப்புக்கு வந்து சேர்வதற்குள் ரசம் ஆறி ஏடு கட்டிவிடும். போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவையும் லோடோடு ஏறி இறங்கும் வண்டிக்கு எப்படி நோவு வரும் என்பது அவர் வாதம். வளைவுக்கு வளைவு அது கீச்சிட்டுக்கொண்டே போவதை பூப்பாறைத் தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கும் அக்காமார் வரைக்கும் கேட்டாயிற்று. அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

இனி சந்தேகப் பட்டியல். இவருக்கு எப்போதும் பெரிய செலவில்தான் நம்பிக்கை. ரெண்டு வீடியோ பார்த்துவிட்டு, "முன் டிஃபரன்ஷியல் போச்சு, கிரவுன் பினியன் மாத்தணும்" என்று முடிவே கட்டிவிட்டார். கிரவுன் பினியன் என்பது அச்சு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி. அது போனால் கீச் என்று கத்தாது, ஊளையிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி. எங்கள் வண்டி மிதித்தாலும் விட்டாலும் ஒரே கீச்.

தம்பி கட்சி ஹப் பேரிங், அதாவது சக்கரத்துக்கு நடுவில் இருக்கும் பேரிங். அதற்கும் ஒரு சோதனை உண்டு. நேர் ரோட்டில் போகும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக மெதுவாக அசைக்க வேண்டும். பாரம் எந்தச் சக்கரத்தில் விழுகிறதோ அந்தப் பக்கத்து பேரிங் கெட்டிருந்தால் உறுமல் கூடும். இதை அவன் முந்தல் ரோட்டில் ராத்திரி பத்து மணிக்குச் செய்து பார்க்கப் போனான். வழியில் நின்ற போலீஸ்காரர் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார். ஊதினானாம். "பேரிங் செக் பண்றேன் சார்" என்றானாம். மறுபடியும் ஊதச் சொன்னாராம். திரும்பி வந்து ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஒரு நூல் ஆட்டம்கூட இல்லை.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் டக் டக் என்றால் ஆக்சில் முனையில் இருக்கும் ஜாயிண்ட். தம்பி அடுப்படியிலிருந்து சொன்ன டக்கை நம்பி அதையும் எங்கள் சந்து முனையில் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தோம். டக் வரவே இல்லை. கேட்டால், "அன்னைக்கு வந்துச்சு" என்கிறான்.

இதையெல்லாம் விட எளிய வழி ஒன்று உண்டு. முன் சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஹப் இருக்கிறது. ரெண்டு பக்கமும் குமிழைத் திருப்பி விடுவித்துவிட்டால், சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். உள்ளே ஆக்சில், டிஃபரன்ஷியல், அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டான முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மா இருக்கும். அப்படி ஓட்டியும் கீச் வந்தால் குற்றம் சக்கரத்துப் பக்கம். வரவில்லையென்றால் உள்ளே. ஆனால் எங்கள் வண்டியில் இடது பக்கக் குமிழ் லாக்கிலேயே துருப்பிடித்து நிற்கிறது. இவர் சுத்தியல் எடுத்து வந்தார். அப்பா பார்த்த பார்வையில் சுத்தியல் தானாகத் திரும்பிப் போய்விட்டது.

அப்புறம் அப்பாவே, கையைக் கழுவிக்கொண்டே, "சரி, கேக்குதுன்னே வச்சுக்குவோம். சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள எத்தனை தடவை கேக்குது?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. எத்தனையோ வீடியோ பார்த்த இவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதனால்தான் மறுநாள் காலையில் எங்கள் தெருவில் அந்த ஊர்வலம். முன் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. அப்பா முதல் கியரில், நடைவேகத்தில். குனிந்தபடி டயர் கூடவே நடந்து எண்ணுவது என் வேலை. இவர் பின்னாலேயே வீடியோ. பத்தடி போவதற்குள் பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகள் சேர்ந்துகொண்டு "ஒண்ணே, ரெண்டே" என்று கோரஸ் போட ஆரம்பித்துவிட்டன. எதிர்வீட்டுப் பாட்டி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, "ஏத்தா, வண்டிக்கு ஏதும் வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமா பாட்டி என்றேன். முறத்தில் இருந்த செவ்வந்தியில் ஒன்றை எடுத்து பானட்டில் போட்டுவிட்டுப் போனார்.

கோடு தரையைத் தொட்டு மறுபடி தரைக்கு வருவதற்குள் ஐந்து கீச். சில சுற்றில் ஆறு.

"அஞ்சுப்பா!" என்று கத்தினேன். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு, "அப்ப சக்கரமில்ல, பேரிங்கும் இல்ல. முன்பக்கத்துல, சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள அஞ்சு சுத்து சுத்துறது ஒண்ணே ஒண்ணுதான்" என்று இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கு விரித்து அடியில் படுத்துவிட்டார். அப்பா சொன்னது முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் ஒரு முனையில், தண்டு மடங்கிச் சுழல்வதற்கு இருக்கும் கூட்டல்குறி மாதிரியான மூட்டுதான் கிராஸ். அதைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் துருத் தூள். உள்ளே கிரீஸ் காய்ந்து, இரும்பும் இரும்பும் தேய்ந்து வெளியே துப்பியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. கிராஸில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்த இடத்தில் நிப்பிளே தெரியவில்லை, கறுப்பாக ஒரு குமிழிதான் இருந்தது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டுமே, அதற்காக அடியெல்லாம் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்த புண்ணியவான் நிப்பிளையும் சேர்த்து அடித்திருக்கிறார். அதற்குப் பிறகு வாட்டர் சர்வீஸ் விடும்போதெல்லாம் பில்லில் "கிரீஸ்" என்று தனி வரி, தனிக் காசு. அந்த கிரீஸ் எங்கே போனது? சேஸிஸ் மேலே, பட்டை மேலே, போன தடவை என் துப்பட்டா மேலே. கிராஸுக்குள் மட்டும் போகவில்லை. பிரஷரில் அடித்த தண்ணீர் மட்டும் கச்சிதமாக உள்ளே போயிருக்கிறது. கேட்டால், "கிரீஸ் துப்பாக்கியை வச்சு அழுத்துனேன்கா, ஏறுன மாதிரிதான் இருந்துச்சு" என்கிறான் அந்த சர்வீஸ் பையன்.

மெக்கானிக் அண்ணன் கிராஸைக் கழற்றிக் கையில் கொட்டிக் காட்டினார். மூடிக்குள் வட்டமாக அடுக்கியிருக்க வேண்டிய ஊசி பேரிங்கில் பாதி ஊசி, பாதி பொடி. புது கிராஸ் போட்டு, அதன் நிப்பிள் வழியாக எதிர்ப்பக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடித்து, அப்பாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நானும் கூடப் போனேன். குரங்கணி ரோடு திரும்புகிற வரைக்கும் அப்பா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பாப்பா, நெசமாவே கீச்சுன்னு கேட்டுச்சா?"

"தெருவே எண்ணுச்சேப்பா."

"எனக்கு லிவர்ல தெரிஞ்சுச்சு. கை வச்சா சின்னதா துடிக்கும். ரோட்டு ஆட்டம்னு இருந்துட்டேன்." ஃபோர் வீல் லிவர் மேல் அவர் இடது கை அப்போதும் இருந்தது. கொஞ்ச தூரம் போய், "மேட்டுல இனிமே மாப்ளயவே ஓட்டச் சொல்லு" என்றார். அம்மா வருஷக்கணக்காகச் சண்டை போட்டும் வாங்க முடியாத வார்த்தை அது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "இவர் ஓட்டினா கிரவுன் பினியன் போயிடும்ப்பா" என்றேன். சிரித்தார்.

நேற்று தேனியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஹெட்ஃபோன் மாட்டி, 250 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 8,000 வரைக்கும் ஒவ்வொரு சத்தமாக விட்டார்கள். கனத்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது. மேலே போகப் போக தாளில் கோடு போடிமெட்டு மாதிரி இறங்குகிறது. வயசானால் கீச் மாதிரி உச்சச் சுருதிச் சத்தம்தான் முதலில் போகுமாம். அப்பா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டாக்டர், இது பேரிங்கா, கிராஸா?" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. நாங்களும் விளக்கவில்லை.

காது மெஷின் விலையைக் கேட்டதும்தான் பழைய அப்பா திரும்பி வந்தார். "அந்தக் காசுக்கு வண்டிக்கு நாலு டயர் மாத்திரலாம்."

அம்மா பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "மாத்துங்க. மாத்திட்டு, அது என்ன சத்தம் போடுதுன்னு யாருகிட்ட கேப்பீங்க?"