வாடை அடங்க முன்னம்: தீவுப்பக்கக் கடலுக்குப் படகை ஆயத்தப்படுத்தல்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கக் கடலில் இரண்டு பேர் சிறு படகில் தங்கித் தங்கிப் போய்வரத் தோதான காலம் ஆண்டில் பத்துக் கிழமைக்கு மேல் இல்லை. மாசி நடுவில் வடகிழக்குக் காற்றான வாடை தளரும். வைகாசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பிவிடும். இடைப்பட்ட பங்குனியும் சித்திரையும்தான் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும் மாதங்கள், அதுவும் காலை வேளைகளில். படகு வேலையை மாசியில் தொடங்கினால் பத்தில் நாலு கிழமை கரையிலேயே போய்விடும். அதனால் கணவனும் மனைவியுமாக நாங்கள் செய்கிற வேலை முழுவதும் தையில்தான்.

படகு 23 அடி ஃபைபர் போட். எஞ்சின் 25 குதிரைவலு, இரண்டு ஸ்ரோக். நாலு ஸ்ரோக் சத்தம் குறைவு, பெற்றோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் ஏறக்குறைய 50 கிலோ எஞ்சினை இரண்டு பேர் பிடித்துக் கழற்றி இறக்கலாம், அதற்கு மேல் போனால் மூன்றாவது ஆள் தேவை. தீவுகளில் எஞ்சின் நின்றுவிட்டாலும் அங்குள்ள கடற்றொழிலாளர்களிடம் இதே வகை எஞ்சினின் பாகம் ஏதாவது கிடைக்கும். இந்த இரண்டும் எங்களுக்குப் போதும்.

இந்தக் கடலில் படகைக் கெடுப்பது ஆழம் குறைந்த தண்ணீர். பாக்கு விரிகுடாவில் பெரும்பகுதி 15 மீற்றருக்குள்தான். கடனீரேரிக்குள் வந்தால் பல இடங்களில் இடுப்பளவு. மணல், சேறு, முருகைக்கல், நட்ட தடி, அறுந்த வலை என்று கீழே கிடப்பதெல்லாம் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிற எஞ்சினின் காலில்தான் வந்து படும். கீழே சொல்லும் வேலைகளை நாங்கள் இந்த வரிசையில் செய்வதற்குக் காரணம் அதுதான்.

படகைப் பனங்குற்றி உருட்டிக் கரையேற்றி, பழைய ரயர்கள் மேல் இருத்தி, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அடியில் ஒட்டிய சிப்பியைக் காய முன்னம் எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் இரண்டு மடங்கு வேலை. இரும்புச் சுரண்டி வேண்டாம், மேற்பூச்சைக் கீறிவிடும். பனைமட்டையைச் சீவி எடுத்த தட்டையான துண்டு போதும். பிறகு மேலே கிடுகுப் பந்தல் போட்டு குறைந்தது பத்து நாள் காய விட வேண்டும்.

மரப்படகு கட்டுவதில் இந்தக் கரை பேர்போனது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் மரத்தைப் பார்க்கிற கண்ணோடு ஃபைபரைப் பார்க்கக் கூடாது. மரம் ஊறினால் இடைவெளி இறுகும். ஃபைபர் ஊறினால் அடுக்கு பிரியும். அதை வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தட்டித்தான் பார்க்க வேண்டும். திருப்புளியின் பிடியால் அணியத்திலிருந்து பின்பக்கம்வரை சாணுக்கொரு தட்டு. நல்ல இடம் டங் என்று சொல்லும். பிரிந்த இடம் பழுத்த பலாப்பழத்தைத் தட்டியதுபோல மந்தமாகச் சொல்லும். அந்த இடத்தை வெண்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

எஞ்சின் மாட்டுகிற பின்பலகையை மட்டும் இரண்டு முறை தட்டுவோம். ஃபைபருக்குள்ளே பிளைவூட் இருப்பது அங்கேதான். போல்ற் துளை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போனால் பலகை உளுத்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது, எஞ்சினை நிமிர்த்தும்போது பலகை லேசாக வளைவதை மட்டும் பார்க்கலாம். சந்தேகமென்றால் உள்பக்கம் கீழே ஒரு சிறு துளை போட்டுப் பார்க்கவும். துரப்பணத்தில் வருகிற தூள் காய்ந்த வெள்ளையாக இருந்தால் துளையை அடைத்துவிடலாம். ஈரக் கபிலமாக வந்தால் இந்த ஆண்டு பயணத்தை மறந்துவிட்டுப் பலகையை மாற்றவும். பலகை நன்றாயிருந்தாலும் போல்ற்றுகளைக் கழற்றி, பொலியூரிதேன் பசை வைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். கடையில் சிலிக்கனைத்தான் முதலில் நீட்டுவார்கள். அது தண்ணீருக்குக் கீழே கனகாலம் ஒட்டி நிற்காது, பிறகு அந்த இடத்தில் பெயின்ற்றும் பிடிக்காது.

வெடிப்புக்கு ஒட்டுப் போடுவது சின்ன வேலைதான், ஆனால் பிழை விடுகிறவர்கள் அதிலேயே விடுகிறார்கள். வெடிப்பைச் சுற்றி ஓரம் சரிவாக வருமளவுக்குத் தேய்த்து, அசிற்றோனால் துடைத்து, சதுர மீற்றருக்கு 450 கிராம் வருகிற ஃபைபர் இழை விரிப்பை (மட்) மூன்று அளவில் வெட்டிக்கொள்ளவும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக. ஒரு சதுர அடி மட் ஏறக்குறைய 42 கிராம். அதை நனைக்கிற பசையான ரெசின் 100 கிராம் வரை போகும். சதுர அடியில் மூன்று அடுக்கென்றால் 300 கிராம், அதற்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். ரெசினை இறுகவைக்கிற கட்டலிஸ்ட் யாழ்ப்பாணத்து வெக்கைக்கு நூற்றுக்கு ஒன்று போதும், அதாவது 300 கிராமுக்கு 3 மில்லிலீற்றர். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளக்கவும். கண்மட்டத்துக்கு ஊற்றினால் ஒன்று காயாமல் பசபசவென்று கிடக்கும், அல்லது பேணிக்குள்ளேயே புகைத்துக் கட்டியாகும்.

ஒரு எச்சரிக்கை. இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட்டைத் தனியாக வாங்கிக் கலக்கிறவர்கள் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகே கட்டலிஸ்ட்டை விட வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அளக்கிற சிரிஞ்சும் வேறு வேறாக இருக்கட்டும். கட்டலிஸ்ட் கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்கக் கூடாது.

ஒருவர் கலக்க, மற்றவர் வைக்க, காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பதுதான் வசதி. தூரிகையால் இழுத்துப் பூசினால் மட்டின் இழை கலைந்துவிடும். குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிகிற இடத்தில் காற்று இருக்கிறது. கடைசி அடுக்கின் மேல் பொலித்தீன் தாள் ஒன்றை இழுத்து ஒட்டிவிட்டால் காற்றுப் படாமல் மேற்பரப்பும் நன்றாகக் காயும்.

அடிக்குப் பாசி பிடிக்காத பெயின்ற் தேவையா என்று கேட்டால், ஒவ்வொரு இரவும் கரையில் இழுத்து ஏற்றுகிறவர்களுக்குத் தேவையில்லை. மணல் அதை இரண்டு கிழமையில் தேய்த்துவிடும், காசுக்குக் கேடு. தண்ணீரிலேயே நாட்கணக்கில் விடுகிறவர்களுக்குத் தேவை. 23 அடிப் படகின் அடி ஏறக்குறைய 12 சதுர மீற்றர். இரண்டு பூச்சுக்கு மூன்று லீற்றர் வாங்கினால், தண்ணீர் மட்டக் கோட்டிலும் அடியின் நடுமுதுகான ஏராவிலும் மூன்றாவது கையும் பூசலாம். எஞ்சினின் காலில் இருக்கிற துத்தநாகக் கட்டியில் பெயின்ற் படக் கூடாது. உப்பு அந்தக் கட்டியை அரிக்கும்வரை அலுமினியத்தை விட்டுவைக்கும். கட்டி பாதியாகத் தேய்ந்திருந்தால் மாற்றவும்.

இனி எஞ்சின். முதலில் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் விசிறி. ஆழமான கடலில் அது இரண்டு மூன்று ஆண்டு தாங்கக்கூடும். மண்டைதீவு, பாசையூர்ப் பக்கச் சேற்றில் ஓடுகிறவர்கள் ஆண்டுக்கொன்று மாற்றத்தான் வேண்டும். பின்னால் பீச்சுகிற தண்ணீர் கையில் அடித்துத் தெறிக்க வேண்டும். நூல்போல வந்தால் விசிறி தேய்ந்துவிட்டது, அல்லது வழியில் உப்புக் கட்டியிருக்கிறது. எஞ்சினைப் பீப்பாய் நல்ல தண்ணீரில் இறக்கிப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கவும்.

அடுத்தது புரொப்பெல்லர். அதைக் கழற்றாமல் பருவத்தைத் தொடங்கக் கூடாது. பின்னால் தண்டில் அநேகமாகத் தங்கூசி என்கிற நைலோன் மீன்பிடி நூல் சுற்றியிருக்கும், தலைமயிர் அளவுக்கு மெல்லியது. அது கியருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் சீலுக்குள் புகுந்து அறுத்துவிடும். அதோடு கியருக்குள் கடல்நீர் போகும். நூலை வெட்டி எடுத்து, தண்டுக்குக் கிறீஸ் பூசி, நட்டுக் கழலாமல் பிடிக்கிற கொட்டர் முள்ளைப் புதிதாகப் போட்டுப் பூட்டவும். கல்லில் அடிபட்ட புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்கினால் எஞ்சின் கத்தும், படகு நகராது. அதனால் புரொப்பெல்லர் ஒன்று, பிளக் இரண்டு, கொட்டர் முள் நாலைந்து, பிளக் சாவி, பெற்றோல் வடி ஒன்று, எஞ்சின் இழுக்கிற கயிறு ஒன்று, இவ்வளவும் மூடி இறுக்கிய வாளிக்குள் படகில் இருக்க வேண்டும்.

ஓயில் கலவை அநேகமான எஞ்சின்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று, 25 லீற்றர் பெற்றோலுக்கு அரை லீற்றர் ஓயில். உங்கள் எஞ்சினின் புத்தகம் வேறு கணக்குச் சொன்னால் அதையே கேட்கவும். முதலில் ஐந்து லீற்றர் பெற்றோலில் ஓயிலைக் குலுக்கிக் கலந்து, பிறகு மீதியை ஊற்றினால் அடியில் தங்காது. மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்கள் நிறுத்த முன்னம் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த காலை கயிறு இழுத்துக் கை ஓய்ந்துவிடும்.

எவ்வளவு பெற்றோல் என்ற கணக்கு இது. சாமான் ஏற்றிய படகு நிதானமாகப் போனால் மணித்தியாலத்துக்கு 18 கிலோமீற்றர், 8 லீற்றர். ஒரு நாளில் 60 கிலோமீற்றர் என்றால் 27 லீற்றர். அதில் பாதி மேலதிகம், ஆக 40. எதிர்க்காற்றில் இது போதாது என்பதால் நாங்கள் 50 ஏற்றுகிறோம். பெற்றோல் பின்னாலும் அடுப்பு முன்னாலும் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே தட்டில் கூடாது. குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லீற்றர். தீவுகளில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர் தராது என்பதால் ஐந்து நாளுக்கு 40 லீற்றரைக் கொண்டுபோவதுதான் நிம்மதி. சாப்பாட்டுக்கு ஒடியல் மாவும் புழுக்கொடியலும் இருந்தால் குளிர்ப்பெட்டியை வீட்டில் விடலாம்.

நங்கூரம் இரண்டு வேண்டும். மணலுக்கும் சேற்றுக்கும் தட்டை இதழ் நங்கூரம், முருகைக்கல்லுக்கு நாலு நக நங்கூரம். எட்டு மில்லிமீற்றர்ச் சங்கிலி ஐந்து மீற்றர், அதோடு 12 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 50 மீற்றர். மிதக்கிற நீலக் கயிறு மலிவு, ஆனால் வெயிலில் உக்கும், மிதந்து வந்து புரொப்பெல்லரிலும் சுற்றும். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும், காற்றென்றால் ஏழு மடங்கு. கல்லில் போடும்போது நங்கூரத்தின் தலைப்பக்கம் இன்னொரு மெல்லிய கயிறு கட்டி மிதப்புப் போட்டுவிட்டால், சிக்கினாலும் பின்பக்கமாக இழுத்து எடுக்கலாம்.

வழியைப் பற்றிக் கொஞ்சம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடற்கோட்டையைத் தாண்டி வெளியில் வந்தால் எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு என்று ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும். கஷ்டம் கரையோடுதான். தடி நட்டுக் கட்டுகிற சிறகுவலைகள் பழைய கதை. கடலட்டைப் பண்ணை வேலிகள் பிறகு வந்தவை, போன ஆண்டு வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் இந்த ஆண்டு கம்பும் வலையும் நிற்கும். ஜிபிஎஸ்ஸில் பதிந்த பழைய பாதையை நம்பி இரவில் ஓடக் கூடாது. கீரிமலை தொடங்கிப் பருத்தித்துறைவரை வடகரையில் கல்லை வெட்டி எடுத்த ஒடுங்கிய வழியால்தான் கரைக்கு வரலாம், அதை வான் என்பார்கள். ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் எந்த வானுக்குள்ளும் நுழையாதீர்கள்.

மேற்கே எல்லை கிட்ட. 1974 ஒப்பந்தப்படி கோடு கச்சதீவுக்கு மேற்கே ஏறக்குறைய ஒரு கடல் மைல் தள்ளிப் போகிறது. நெடுந்தீவைத் தாண்ட முன்னமே ஜிபிஎஸ்ஸில் எச்சரிக்கை மணி வைத்துவிடவும். திங்கள், புதன், சனி இரவுகளில் இந்திய இழுவைப்படகுகள் பெரும்பாலும் வரும் என்பதால் வெளியில் நங்கூரமிட்டுத் தூங்கக் கூடாது. தமிழகத்தின் 61 நாள் தடை ஏப்ரல் 15இல் தொடங்கும். அதற்குப் பிறகு இரவு கொஞ்சம் அமைதி. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே வெள்ளை விளக்கு எரிகிறதா என்று கரையிலேயே பார்த்துவிட வேண்டும். பதிவுப் பத்திரம், அடையாள அட்டை இரண்டும் தண்ணீர் புகாத பைக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், கடற்படை மறித்தால் காட்ட வேண்டும். உயிர்காப்பு அங்கி பெட்டிக்குள் இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும்.

வானிலை அறிக்கையில் புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு என்று வருகிற வரியைப் பார்க்கவும். காற்று மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர் என்றால் அன்று கரையில் வேறு வேலை பார்க்கலாம். ஆழமில்லாத கடலில் அலை உயரமாக வராது, ஆனால் கிட்டக் கிட்ட நெருக்கி வந்து அணியத்தைக் குத்தும்.

படகை இறக்கிய முதல் நாள் கரை தெரியுமளவில் இரண்டு மணித்தியாலம் மட்டும் ஓட்டவும். திரும்பி வந்து எஞ்சினை நிமிர்த்தாமல் அப்படியே இரவு விடவும். ஓயிலைவிடத் தண்ணீர் பாரம் என்பதால் காலைக்குள் அது கியர்ப் பெட்டியின் அடிக்கு இறங்கிவிடும். காலையில் கீழ்த் திருகாணியை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, முதல் துளியை விரலில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிந்த ஓயில் வந்தால் திருகாணியை இறுக்கிவிட்டுச் சாமானை ஏற்றலாம். தண்ணீர் முந்தி வந்தால், அல்லது ஓயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால், சீல் அறுந்துவிட்டது. எஞ்சினைக் கழற்றுங்கள்.