பழைய கொரோலாவுக்கு மாரிக்கால டயர்

எங்கள் வீட்டு டொயோட்டா கொரோலா 1997ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அதில் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இல்லை. ஆகவே ஈரத்தெருவில் பிரேக்கை அழுத்தும்போது சில்லு பூட்டிக்கொண்டு வழுக்குமா, கார் நிற்குமா என்பது பெரும்பாலும் டயரின் கையில்தான் இருக்கிறது. திருகோணமலையில் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை மழை கொட்டித் தீர்ப்பதே எங்களுக்கு மாரி. மற்ற மாதங்கள் முழுவதும் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்று இறுகிப்போன டயர், நவம்பரில் ஒரே நாளில் வெள்ளத்தில் ஓட வேண்டியதாகிவிடுகிறது. அதனால் இந்த முறை புரட்டாதி முடிவதற்குள் டயர்களை மாற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

முதலில் ஒரு தீக்குச்சியை டயரின் பள்ளக்கோட்டுக்குள் செங்குத்தாக வைத்து, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளமிட்டு, மகளின் அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். முன் டயர்களில் மூன்று மில்லிமீற்றரும் பின் டயர்களில் இரண்டுக்குச் சற்று மேலாகவும் இருந்தன. புதிய டயரில் இது எட்டு மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பள்ளத்தின் அடியில் குறுக்காக நிற்கும் சிறிய மேடு 1.6 மில்லிமீற்றர் உயரமுடையது. தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் டயர் முடிந்தது என்று பொருள். ஆனால் மழைக்கு அந்த எல்லை வரை காத்திருப்பது ஆபத்து, ஏனென்றால் பள்ளத்தின் வேலையே டயருக்கும் தெருவுக்கும் இடையில் சிக்கும் நீரை வெளியே தள்ளுவதுதான். ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் ஏ6 வீதியில் எழுபதில் வரும்போது அந்த நீர் வெளியேற நேரம் போதாவிட்டால் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். அந்த வீதியில் இரவில் யானை குறுக்கே நிற்பதும் உண்டு என்பதால், இதை நான் ஏட்டுக் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை.

நகரில் ஒரு கடையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். விலை புதியதில் பாதிக்கும் குறைவு. "கோட்டைப் பாருங்க சேர், புதுசு மாதிரியே இருக்கு" என்றார் கடைக்காரர். உண்மைதான், பள்ளங்கள் ஆழமாக இருந்தன, இறப்பர் கட்டைகளின் மேல் நெளிநெளியாக மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் ஓடின, பெருவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதிந்தது. பக்கச் சுவரில் மூன்று சிகரங்களைக் கொண்ட ஒரு மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறிக்கப்பட்டிருந்தன. படமெடுத்து மொன்றியலில் இருக்கும் பெரியப்பாவின் மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் வாழும் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம்; ஆகவே இந்த விடயத்தில் எங்கள் குடும்பத்தில் அவரைவிட அனுபவசாலி கிடையாது. "தம்பி, இது ஸ்னோ டயர். வெயில் வந்ததும் நாங்க கழட்டி வைக்கிற சாமான். அங்க எதுக்கு?" என்று உடனே பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் விடயத்தைத் தேடிப் படித்தேன். சாதாரண டயரின் இறப்பர் ஏறத்தாழ ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே இறுகிப் பிடிமானத்தை இழக்கிறது. அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும்படி வேறொரு கலவையில் செய்யப்படுவதுதான் குளிர்கால டயர். அந்த மெல்லிய கீறல்கள் பனியையும் பனிக்கட்டியையும் கவ்விப் பிடிப்பதற்கானவை. ஜப்பானில் முன்பு இரும்பு ஆணி பதித்த டயர்களை ஓட்டினார்கள்; அவை தெருவைச் சுரண்டிக் கிளப்பிய தூசி பெருந்தொல்லையானதால் 1990இல் சட்டம் கொண்டுவந்து அவற்றைக் கட்டுப்படுத்தினார்கள், அதன் பின் ஆணியில்லாத இந்த மென்மையான வகை அங்கே பரவியது. எங்கள் ஊரிலோ மாரியின் விடியற்காலையில்கூட வெப்பநிலை இருபதுக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தச் சூட்டில் இந்த இறப்பர் கட்டைகள் பிரேக் அழுத்தும்போது நெளிந்து கொடுக்கும், ஈரத்தெருவில் கார் நிற்க அதிக தூரம் எடுக்கும், தேய்மானமும் விரைவாக வரும். ஆழமான பள்ளமென்றால் மழைக்கு நல்லது என்ற என்னுடைய எளிய கணக்கு இந்த இடத்தில் பிழையாகிப்போனது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அந்தப் பனிப்பூ அவருக்கும் வெறும் அலங்காரமாகவே தெரிந்திருக்கும்.

அதே டயரில் இன்னொரு குறையும் இருந்தது. பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களே டயரின் பிறந்த நாள். அங்கே 2214 என்றிருந்தது. அதாவது 2014ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். குறைவாக ஓடும் பழைய காருக்கு டயர் தேர்பவர்கள் பள்ளத்தைவிட இந்த எண்ணையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு, ஏனென்றால் எங்களைப் போன்றவர்களின் கார்களில் டயர் தேய்ந்து முடிவதற்கு முன்பே காய்ந்து வெடித்து முடிந்துவிடுகிறது.

ஆகவே புதிய டயர் என்று முடிவாயிற்று. காருக்கு உரிய அளவு 175/70 ஆர் 13, அதாவது அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 வீதம், ரிம் 13 அங்குலம். பதின்மூன்று அங்குல ரிம்முக்கு இப்போது தெரிவுகள் குறைவு. ஓரிடத்தில் 185/70ஐப் போடலாம், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும் என்றார்கள். ஆனால் அது 14 மில்லிமீற்றர் கூடுதல் விட்டமுடையது. வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், முழுதாகத் திருப்பும்போது மட்காட்டில் உரசவும் கூடும். அதோடு, தேங்கிய நீரை ஒடுங்கிய டயரே இலகுவாகக் கிழித்துப் போகும். 82டி என்ற குறியீடும் பொருந்தியது: 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீற்றர் வரை. என் கார் அந்த வேகத்தைக் கனவிலும் காணாது. கடைசியாக டிரக்ஷன் என்ற சொல்லுக்குப் பக்கத்திலிருந்த எழுத்தைப் பார்த்தேன். அது ஈரத்தரையில் பிரேக் பிடிக்கும் திறனைக் குறிக்கிறது. ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். ஏ இருந்த ஒன்றை எடுத்தேன், அதைவிட நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லப்பட்ட பி டயரை விட்டுவிட்டேன்.

பணம் இரண்டுக்கே கையில் இருந்தது. முன்சில்லு இழுக்கும் கார் என்பதால் புதியவற்றை முன்னுக்குப் போடுவதுதான் வழக்கம் என்று கராஜில் சொன்னார்கள். நான் பின்னுக்கே போடச் சொன்னேன். முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும், வேகத்தைத் தணித்துச் சமாளிக்கலாம். வளைவில் பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், என்னைப் போன்ற சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடிக்க முடியாது. மற்ற இரண்டையும் ஐப்பசிச் சம்பளத்தில் மாற்றினேன்.

கழற்றிய நான்கையும் கடையிலேயே விட்டுவிட்டேன். முற்றத்தில் கிடந்தால் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும், 2017இல் பக்கத்து ஊரான கிண்ணியா டெங்கால் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. காற்றுச் சரிபார்க்கும்போது டிக்கியிலிருந்த உபரிச் சில்லையும் வெளியே எடுத்தேன். தேயாத பள்ளம், கறுப்பு மங்காத இறப்பர். பக்கச் சுவரில் மூன்றே மூன்று இலக்கங்கள் இருந்தன: 497. 2000ஆம் ஆண்டுக்கு முந்திய டயர்களில் அப்படித்தான் பொறிப்பார்கள். 1997ஆம் ஆண்டின் 49ஆவது வாரத்திலிருந்து அது ஒருமுறையேனும் தெருவைத் தொட்டதாகத் தெரியவில்லை. அதையும் அந்தக் குவியலிலேயே போட்டுவிட்டு, ஐந்தாவது டயருக்கு விலை கேட்டேன்.