டிபன் என்றொரு பெண்

பாரிஸில் எங்கள் ஆபீசில் திஃபேன் என்று ஒரு பெண். ஜனவரி 6 அவளுக்குப் பிறந்தநாள். அன்றைக்கென்று பார்த்துக் காரைக்காலிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கையாட்டியவளின் பெயரைச் சொன்னேன்.

"டிபனா? இனிமேதான் சாப்பிடப் போறீங்களா?"

"டிபன் இல்லம்மா, அவ பேரே அதான்."

"பெத்தவங்களுக்கு அப்படி என்ன பசியோ!"

விட்டால் பூரியா பொங்கலா என்று போய்விடுவார். அவசரமாகப் பெயர்க்கதையைச் சொன்னேன். கிரேக்கத்தில் தியோஸ் என்றால் கடவுள். தியோபானியா என்றால் கடவுள் காட்சி தந்தது. இயேசு உலகுக்குக் காட்சி தந்ததைக் கொண்டாடும் ஜனவரி 6 திருநாளை ஒட்டிப் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர். பிரெஞ்சு வாயில் அது திஃபேன் ஆனது, இங்கிலீஷில் டிஃபனி. நியூயார்க்கின் டிஃபனி வைரக் கடைக்காரர்கள் 1837இல் கடை திறப்பதற்குப் பல நூறு வருடம் முன்பே இருந்த பெயர். 972இல் ரோமில் பேரரசர் இரண்டாம் ஓட்டோவைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட பைசாந்தியப் பெண்ணுக்கும் தியோபானு என்றுதான் பெயர்.

"குழந்தை இயேசுவைப் பாக்க வந்த மூணு ராஜா திருநாள்னு சொல்லேன்டா! கஸ்பார், மெல்கியோர், பல்தசார்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார் அம்மா. "நம்ம பாஸ்கல் மாமாவுக்கு ஈஸ்டருக்குப் பொறந்ததாலதானே அந்தப் பேரு? அந்த மாதிரி." ஓட்டோவுக்கு அங்கே மரியாதையே இல்லை.

அதற்குள் கேக் வந்துவிட்டது. ராஜாக்களின் கேக். மேலே அப்பளம்போல நொறுங்கும் அடுக்குகள், நடுவில் பாதாம் விழுது, அதற்குள் எங்கேயோ ஒரு குட்டிப் பீங்கான் பொம்மை. இருப்பவர்களில் இளையவர் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, எந்தத் துண்டு யாருக்கு என்று கத்த வேண்டும். டை கட்டிய பையன் ஒருவன் தவழ்ந்து போனான். பொம்மை யாருக்கு வருகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா, தங்கக் காகிதக் கிரீடம் உண்டு.

என் கடைவாயில் 'டக்'கென்றது.

திஃபேன் கிரீடத்தை என் தலையில் அழுத்தினாள். அம்மா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டார். ராஜாவானவர்தான் அடுத்த கேக் வாங்கித் தர வேண்டும் என்ற சட்டத்தைப் பிறகுதான் சொன்னார்கள். ஜனவரி முடியும்வரை இந்த ஆட்டம் ஓயாது.

"கேக்குக்கு எதுக்குடா தண்டச் செலவு? ஒரு சட்டி கேசரி கிண்டி, உள்ள ஒரு முந்திரிய ஒளிச்சு வை" என்றார் அம்மா.

"ஒரே ஒரு முந்திரியா?"

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது நல்லா இருக்காதுடா. எல்லாரையும் ராஜாவாக்கிடு."