சத்தமில்லாமல் அழுத பிள்ளையும் பி1 ஊசியும்

பர்மாவில் பெகு பக்கத்துத் தமிழர் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு பத்தியம். ஒன்று நம் பாட்டிமார் வழி வந்தது, மற்றது பக்கத்து வீட்டுப் பர்மியர்களிடம் பழகிக்கொண்டது. இரண்டும் சேர்ந்தால் தட்டில் மிஞ்சுவது வெள்ளைச் சோறு, உப்பு, சுட்ட கருவாடு, கொஞ்சம் பூண்டு. பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, நிலக்கடலை பித்தம். அத்தை இதையெல்லாம் அக்கறையோடுதான் செய்தார். ராத்திரி எழுந்து எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவர் அவர்.

மகன் நல்ல எடையோடு பிறந்தான். மூன்றாம் மாதம் பால் குடித்ததும் கக்க ஆரம்பித்தான். ஓயாத சிணுங்கல். பிறகு குரல் கம்மியது. வாயை முழுக்கத் திறப்பான், முகம் சிவக்கும், தொண்டையிலிருந்து காற்றுதான் வரும். கண்ணேறு என்றார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினோம். முதலில் போன கிளினிக்கில் நெஞ்சுச் சளி என்று சிரப் கொடுத்தார்கள். அடுத்த நாள் இரவு மூச்சு வேகமாக இறைத்தது, உதடு நீலம் பாய்ந்தது, மார்பில் வாயே வைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த சயாமா, அதாவது பெண் டாக்டர், பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், வயிற்றில் ஈரல் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, நான் தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். என் கால் மரத்துப்போகிறதா என்றும் கேட்டார். பிள்ளையைக் காட்ட வந்த இடத்தில் என் காலைப் பற்றி எதற்கு என்று அப்போது விளங்கவில்லை. பாதம் முதல் கெண்டைக்கால் வரை மதமதப்புதான், உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம். பிரசவக் களைப்பு என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

அந்த இரண்டு பதில்களை வைத்தே அவர் பெரிபெரி என்று சந்தேகித்தார். பி1 என்ற சத்து குறைந்தால் வரும் நோய் அது; பெரியவர்களுக்குக் கால் மரக்கும், பால்குடிப் பிள்ளைக்கு இதயம் தளரும். இதற்கு உடனே முடிவு தரும் இரத்தப் பரிசோதனை அங்கே கிடையாது, காத்திருந்தால் இதயம் செயலிழந்துவிடும். அதனால் ஆக்சிஜன் வைத்து, நரம்பு வழியாக மெதுவாக தயமின், அதாவது பி1, ஊசி ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் மூச்சு தணிந்தது. விடிவதற்குள் பால் குடித்தான். அந்த ஊசிக்கு உடல் இவ்வளவு சீக்கிரம் இணங்கியதே நோய் இன்னது என்பதற்குச் சான்று என்றார் சயாமா. பிறகு தினமும் தசையில் ஊசி, அதன்பின் வாரக்கணக்கில் வாய்வழி மருந்து. எனக்கும் மாத்திரை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், தாய்க்குச் சத்து ஏறினால் பாலிலும் ஏறும் என்பதை அத்தையைக் கூப்பிட்டு வைத்தே சொன்னார். மூச்சு உடனே சரியானாலும் குரல் திரும்ப வாரங்கள் ஆயின. அதற்காகப் பயந்து வேறு வைத்தியம் தேடி ஓட வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தது பெரிய உதவி.

உடம்பு பி1-ஐ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைக்காது. தீட்டிய அரிசியில் தவிட்டோடு அது போய்விடுகிறது. மிச்சமும் பலமுறை கழுவும் நீரிலும் வடிக்கும் கஞ்சியிலும் கரைகிறது. வேகாத ஙப்பி என்ற மீன் விழுதும், லபெட் என்ற புளித்த தேயிலையும், வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் உடம்பில் உள்ளதையும் கெடுக்கின்றன. பத்தியத்தில் இருப்பவள் சோற்றை மட்டும் தின்றால் அவள் பாலில் பி1 எங்கிருந்து வரும்?

நம் கொள்ளுத்தாத்தா காலத்தவர்கள் தின்ற புழுங்கல் அரிசியை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மலாயாவில் சயாம் வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழ, புழுங்கல் தின்ற தமிழர்கள் தப்பியதை பிராடன் என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். 1905-ல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் இரண்டு அரிசியையும் இரு பிரிவினருக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தபோதும் அதேதான். அந்த அரிசியை இங்கே நாம் விட்டுவிட்டோம். தமிழ்நாட்டு இட்லிக்கு உளுந்து அனுப்பும் நாடு இது. அந்த நாட்டில் பிள்ளை பெற்றவளுக்கு உளுந்து ஆகாது என்று தட்டை நகர்த்துகிறோம்.

பத்தியத்தை அடியோடு விடச் சொல்லி அத்தைமாரோடு சண்டை போட வேண்டியதில்லை. பூண்டு இருக்கட்டும், மிளகு இருக்கட்டும். கூடவே பருப்பு, பயறு, எள், மீன் சேரட்டும். அரிசியை ஒரு தடவை களைந்தால் போதும், கஞ்சியை வடிக்காமல் வைக்கலாம், வடித்தால் அதைத் தாய்க்கே கொடுக்கலாம். இரண்டு மூன்று மாதப் பிள்ளை குரல் கம்மி, கக்கி, மூச்சிறைத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், தாய் தின்பது இன்னது என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பி1 கூடிப்போனாலும் சிறுநீரில் வெளியேறிவிடும், ஆகவே சந்தேகத்தின் பேரில் டாக்டர் ஊசி போட்டாலும் கெடுதல் வருவது மிக அரிது.

இரண்டாவது பிள்ளைக்கு ஊர் மருத்துவச்சி கர்ப்பத்தின் கடைசி மாதத்திலேயே பி1 மாத்திரை கொடுத்து, பிரசவத்துக்குப் பின்னும் மூன்று மாதம் தின்னச் சொன்னார். அரசு சுகாதாரப் பிரிவு வழியாக வருகிற மாத்திரை அது. கையிருப்பு தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டேன், விலை கையைக் கடிக்கவில்லை. அவர்களாகத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.