689, பிறகு 781: ஏடபிள்யூஎஸ் டெவலப்பர் அசோசியேட்

நேற்று ராத்திரி ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) சான்றிதழ் தேர்வின் முடிவு மெயிலில் வந்தது. 781. போன தடவை 689; தேற 720 வேண்டும். அந்த 31 எங்கே போனது என்று இப்போது தெரிகிறது. எல்லாம் நான் பயன்படுத்தும் ஏடபிள்யூஎஸ் ரூபி லைப்ரரியின் (எஸ்டிகே) புண்ணியம்.

ஏழு வருடமாக எஸ்3-ஓடு (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் சேமிப்பு சேவை) குடித்தனம். 'அப்லோட் ஃபைல்' என்று ஒரு வரி போடுவேன். 100 எம்பியைத் தாண்டினால் அதுவே துண்டு போட்டு அனுப்பும், தோற்றால் அதுவே திரும்ப முயலும். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததே இல்லை. தேர்வில் கேட்பது அந்த உள்ளே நடப்பதைத்தான்.

தோற்றால் 14 நாள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஆபீஸில் யாரும் தொடாத வேலை ஒன்றை எடுத்தேன்: பழைய ஆப்பை எஸ்டிகே முதல் வெர்ஷனிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுவது. மூன்றில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி ஜெம் (ரூபி பேக்கேஜ்). எங்களுக்கு எஸ்3 ஜெம் மட்டும் போதும். மாட்யூல் பெயரும் வேறு என்பதால் பழசையும் புதுசையும் ஒரே ஆப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக மாற்றலாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கிளையன்ட் உருவாக்கும்போது 'எச்டிடிபி வயர் ட்ரேஸ்' ஆப்ஷனை ட்ரூ ஆக்குங்கள். போகிற வருகிற ரிக்வெஸ்ட் எல்லாம் டெர்மினலில் கொட்டும். அப்படிப் பார்த்துப் பிடித்தது இது: கேஎம்எஸ் (குறியாக்கச் சாவிகளுக்கான சேவை) கீ போட்ட பக்கெட்டில் (எஸ்3-இல் ஃபைல்கள் இருக்கும் இடம்) சின்ன ஃபைல் ஏறியது, பெரியது ஏறவில்லை. டேட்டா கீ உருவாக்கும் அனுமதி மட்டும் இருந்தது. துண்டுகளைச் சேர்ப்பதற்கு முன் எஸ்3 அவற்றைத் திறந்து படிக்க வேண்டும், அதற்கு டிக்ரிப்ட் அனுமதியும் தேவை. பயிற்சி வீடியோவில் இதை மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் தூங்கிவிட்டேன்.

இன்னொன்று: ப்ரீசைன்டு லிங்குக்கு (குறிப்பிட்ட காலம் மட்டும் ஃபைலைத் திறந்துவிடும் லிங்க்) ஏழு நாள் கொடுத்திருந்தோம், சில மணி நேரத்தில் செத்தது. சர்வரின் ரோல் தரும் தற்காலிக கிரெடென்ஷியலில் கையெழுத்திட்டால் அது காலாவதியாகும்போது லிங்கும் போய்விடும்.

மற்றவை, சட்டென்று:
- லிஸ்ட்பக்கெட் அனுமதி (பக்கெட்டில் இருப்பதைப் பட்டியலிட) இல்லாமல், அங்கே இல்லாத ஃபைலைக் கேட்டால் 404 ('இல்லை') வராது, 403 ('அனுமதி இல்லை').
- ஃபைல் பட்டியல் ஒரு தடவைக்கு 1000 தான், மிச்சத்தைக் கேட்க பதிலில் வரும் டோக்கன் வேண்டும்.
- மல்டிபார்ட்டில் (துண்டு துண்டாக) ஏற்றியதன் ஈடேக் (எஸ்3 தரும் அடையாளக் குறி), ஃபைலின் எம்டி5 (செக்சம்) அல்ல. ஒப்பிட்டு ஏமாந்தவன் சொல்கிறேன்.
- ஆங்கிலம் தாய்மொழி இல்லையென்றால் 30 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஸ்லாட் புக் செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும். முதல் முறை எனக்குத் தெரியாது. 130 நிமிடத்தில் கடைசி ஆறு கேள்விக்குக் கண்ணை மூடி டிக்.

டைனமோடிபி (டேட்டாபேஸ் சேவை) கொள்ளளவுக் கணக்கு? போட்டுப் பழகுங்கள், வேறு வழியில்லை. லாம்ப்டாவை (சர்வரைப் பராமரிக்காமல் கோட் ஓட்டும் சேவை) பற்றி என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

தேர்வு முடிந்துவிட்டது. அந்த எஸ்டிகே அப்டேட் மட்டும் இன்னும் மெர்ஜ் ஆகவில்லை; ரிவ்யூ செய்ய ஆள் கிடைக்கவில்லை.