தாணா பெயர் ஒன்று விட்டுப்போனதால்

கச்சத்தீவுப் பேச்சு எடுத்தாலே நம் ஊர் வக்கீல்கள் பெருபாரி வழக்கை, அதாவது மேற்கு வங்க எல்லையில் இருக்கும் ஓர் ஊரைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய வழக்கை, இழுப்பார்கள். 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனபோதும் அந்த வழக்கு வாதத்தில் இருந்தது. பெருபாரியைக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டுமென்றால் கச்சத்தீவுக்கு மட்டும் ஏன் வேண்டாம்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெருபாரியைப் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. டார்ஜிலிங் போகும் சாக்கில் கீழே இறங்கி அங்கேயும் போய் வந்தேன்.

ஜல்பைகுரியிலிருந்து தெற்கே போகும் சாலையில் முதலில் சின்னச் சின்னத் தேயிலைத் தோட்டங்கள், அப்புறம் நெல்லும் சணலும். சணலை ஊறப்போட்ட குட்டைகளின் வாடை தெற்கு பெருபாரி வரை கூடவே வந்தது. அதற்குமேல் முள்வேலி. வேலியை எல்லைக்கோட்டிலேயே போடவில்லை. பொதுவாக 150 கெஜம் உள்ளே தள்ளித்தான் போடுவார்கள், அதனால் சிலருடைய வயல் வேலிக்கு அந்தப் பக்கம். டீக்கடைக்காரரிடம் என் அரைகுறை இந்தியில் வழக்கைப் பற்றிக் கேட்டேன். "வழக்கா? இங்கே கேட் எத்தனை மணிக்குத் திறப்பான் என்பதுதான் பேச்சு, அண்ணா" என்று சிரித்தார்.

இந்த எல்லையைப் போட்டவர், பிரிவினைக்கான எல்லைக் கமிஷன்களின் தலைவர் சிரில் ராட்கிளிஃப். 1947 ஜூலை 8ஆம் தேதி இந்தியா வந்தார். அதற்கு முன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஐந்தே வாரத்தில் வங்காளத்தையும் பஞ்சாபையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். நிலத்தை அளக்க நேரம் ஏது? வங்காளத்தில் பெரும்பாலும் பழைய மாவட்ட எல்லைகளையும் தாணா எல்லைகளையும், அதாவது காவல் நிலைய எல்லைகளையும், வைத்தே வேலையை முடித்தார். வரி வாங்கவும் திருடனைப் பிடிக்கவும் வெள்ளைக்கார நிர்வாகம் போட்டு வைத்திருந்த கோடுகள் அவை. ராட்கிளிஃப் இஷ்டத்துக்குக் கோடு கிழித்தார் என்று திட்டுகிறோம். கிழித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தன் அலுவலக வேலை சுலபமாக வேண்டும் என்று எப்போதோ ஓர் அதிகாரி போட்ட கோடு, ஆகஸ்ட் 17 அன்று தீர்ப்பு வெளியானதும் யார் எந்த நாட்டுக்காரர் என்று சொல்லிவிட்டது.

பெருபாரியின் கதை இன்னும் வேடிக்கை. தீர்ப்பின் எழுத்து விவரணையில் ஒரு தாணாவின் பெயர் விட்டுப்போயிற்று. அதனுடன் இருந்த வரைபடம் ஒன்று சொன்னது, எழுத்து வேறொன்று சொன்னது. முரண் வந்தால் எழுத்தே செல்லும் என்று அதே தீர்ப்பில் இருந்தது! 1952இல் பாகிஸ்தான் உரிமை கேட்டது. 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் ஊரைப் பாதியாகப் பிரிக்க ஒப்புக்கொண்டார்கள். 1960இல் உச்ச நீதிமன்றம் சட்டத் திருத்தம் தேவை என்று சொல்ல, 9ஆவது திருத்தமும் வந்தது. ஆனால் எதிர்ப்பும் இழுபறியுமாக ஊர் கைமாறவே இல்லை. கடைசியில் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமான பிறகு, 1974இல் இந்திரா காந்தியும் அந்நாட்டின் முஜிபுர் ரஹ்மானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பெருபாரி இந்தியாவுக்கு, இந்திய நிலத்துக்கு நடுவே கிடக்கும் தஹக்ராம் வங்கதேசத்துக்கு, தஹக்ராமுக்குப் போக தீன் பிகா என்ற துண்டு நிலம் குத்தகைக்கு.

அந்தத் துண்டையும் பார்த்துவிடலாம் என்று ஹல்திபாரி வழியாக தீஸ்தா பாலத்தைக் கடந்து மேக்லிகஞ்ச் போனேன். தீன் பிகா 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலம். இந்தியச் சாலையும் வங்கதேசத்தவர் போகும் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி. எல்லைப் பாதுகாப்புப் படை ஜவான் கையைக் காட்டி ஒரு பக்கத்தை நிறுத்துகிறார். சைக்கிளில் ஒருவர் ஒரு நாட்டிலிருந்து கிளம்பி இன்னொரு நாட்டைக் கடந்து தன் நாட்டுக்கே போய்ச் சேர்ந்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 1992இல் திறந்தபோது பகலில் சில மணி நேரம்தான் அனுமதி. 24 மணி நேரமும் திறந்திருப்பது 2011 முதல்தான்.

தஹக்ராம் போன்றவை 'சிட்மஹல்'கள், அதாவது ஒரு நாட்டுக்குச் சொந்தமாக இன்னொரு நாட்டுக்குள் இருக்கும் நிலத்துண்டுகள். கூச் பிஹார் ராஜாவுக்கும் முகலாயருக்கும் இருந்த பழைய வரிக்கணக்கின் மிச்சம். கூச் பிஹார் சமஸ்தானம் என்பதால் ராட்கிளிஃப் அதைத் தொடவில்லை. 1949இல் அது இந்தியாவில் சேர்ந்ததும், வரிக்கணக்கில் சிதறிக் கிடந்த நிலமெல்லாம் அயல்நாட்டுத் தீவுகளாகிவிட்டன. அங்கே அடையாளச் சான்று இல்லாததால், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க பக்கத்து ஊர்க்காரரை அப்பா என்று பதிவு செய்தவர்கள் உண்டு. 2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் 162 சிட்மஹல்களை மாற்றிக்கொண்டன. வங்கதேசப் பக்கம் இருந்தவற்றிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு.

போக நினைப்பவர்களுக்கு: நியூ ஜல்பைகுரி வரை ரயில், அப்புறம் பஸ்ஸும் டோட்டோ என்ற பேட்டரி ரிக்ஷாவும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வேலிப் பக்கம் கேமராவை எடுக்கும் முன் ஜவானிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.